‘அதே கம்பெனிப் பொருள்தான்’ என்ற பேச்சை நம்பி பிரேக் பேட் வாங்காதீர்கள்

மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தபோது என் காரின் பிரேக் பிடிக்காமல் போனது. பின்னிருக்கையில் மனைவியும் மகளும் இருந்தார்கள். பெடல் கீழே போகவில்லை. கல்லை மிதிப்பதுபோல் கெட்டியாக நின்றது. உடம்பின் பலம் முழுவதையும் காலில் ஏற்றியும் வேகம் குறையவில்லை. ஏதோ கருகும் வாடை உள்ளே பரவியது. இரண்டாவது கியருக்கு இறக்கி, கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, வளைவுக்கு முன்னால் இருந்த மண் திட்டில் எப்படியோ வண்டியை ஏற்றி நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தால் முன்சக்கரங்கள் இரண்டிலும் புகை. மிதிக்கும்போது சக்கரத்தோடு சுழலும் இரும்பு டிஸ்க்கை இருபுறமும் இறுக்கிப் பிடிப்பவை பிரேக் பேடுகள். அந்தப் பேடுகளை மாற்றி ஐந்து வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எந்தப் பேச்சால் ஏமாந்தேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதே பேச்சு எல்லாக் கடைகளிலும் உலவுகிறது.

பழைய பேடுகள் தேய்ந்துவிட்டன என்று தெரிந்ததும் உதிரிபாகக் கடைக்குப் போனேன். கார் கம்பெனியின் பெட்டியில் வந்ததை முதலில் காட்டினார்கள். விலையைக் கேட்டு நான் தயங்கியதைக் கடைக்காரர் கவனித்துவிட்டார். “சார், கார் கம்பெனி பேட் தயாரிப்பதே இல்லை. வேறொரு நிறுவனம் தயாரித்துக் கொடுப்பதற்குத் தன் முத்திரையைப் போட்டு விற்கிறது. முத்திரை இல்லாமல் அதே கம்பெனிப் பொருள் நம்மிடம் இருக்கிறது, பாதி விலை” என்று இன்னொரு பெட்டியை எடுத்து வைத்தார். பளபளப்பான பெட்டி, மின்னும் ஒட்டுவில்லை, பெயரும் ஊரறிந்த பெயர். வாங்கிவிட்டேன். அவரே கை காட்டிய பணிமனையில் மாட்டியும் கொண்டேன்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. பிரேக் பேட், ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பேரிங், பெல்ட் போன்றவற்றில் பெரும்பகுதியைக் கார் கம்பெனிகள் தாங்களே தயாரிப்பதில்லை. தயாரித்துத் தரும் நிறுவனங்கள் தம் சொந்தப் பெயரிலும் வெளிச்சந்தையில் விற்கின்றன. விலையும் பெரும்பாலும் குறைவு. அப்படித் தேடி வாங்குவது புத்திசாலித்தனமான காரியம். ஆனால் ‘அதே கம்பெனி’ என்று சொல்பவர், என் காருக்குப் பேட் செய்து தரும் நிறுவனம் எது, அதன் பட்டியலில் என் காருக்கான எண் எது என்ற இரண்டையும் சொல்லியாக வேண்டும். நான் இரண்டையுமே கேட்கவில்லை. அந்தப் பாதி உண்மையின் முதுகில் ஏறித்தான் முழுப் பொய் என் காருக்குள் வந்தது.

மாட்டிய முதல் வாரத்திலேயே கிறீச்சென்று சத்தம் வந்தது. கேட்டதற்கு, “புதுப் பேட் அப்படித்தான் கத்தும், பழகப் பழகச் சரியாகிவிடும்” என்றார்கள். இதிலும் பாதி உண்மை இருக்கிறது. புதிய பேடுகள் டிஸ்க்கோடு படிந்து பழக வேண்டும். அதற்காக மிதமான வேகத்திலிருந்து சீராகப் பலமுறை வேகத்தைக் குறைத்து, இடையிடையே ஆறவிட வேண்டும். அதையும் செய்தேன், சத்தம் போகவில்லை. போகாத அன்றே சக்கரத்தைக் கழற்றச் சொல்லியிருக்க வேண்டும்.

மலையிலிருந்து வண்டியைக் கட்டி இழுத்து, வேறொரு பணிமனைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த வயதான மெக்கானிக் எதையும் தொடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார்: “தம்பி, பெடல் அமுங்கிக் கீழே போனதா, கெட்டியாக நின்றதா?” கெட்டியாக நின்றது என்றதும், “அப்படியென்றால் கோளாறு எண்ணெயில் இல்லை, பேடில்” என்றார். அவர் விளக்கியது இன்றும் எனக்குப் பயன்படுகிறது. பிரேக் எண்ணெய் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். ஆவி அமுங்கக் கூடியது, அதனால் பெடல் பஞ்சுபோல் தரைவரை போய்விடும். பேடின் உராய்வுப் பொருள் சூட்டில் பிடிப்பை இழந்தால் அழுத்தம் முழுவதும் சக்கரம்வரை ஒழுங்காகப் போய்ச் சேரும், அங்கே பிடிக்க ஒன்றும் இருக்காது. அதனால்தான் கல்லை மிதித்த உணர்வு.

சக்கரத்தைக் கழற்றியதும் அவர் சொன்னது கண்ணுக்குத் தெரிந்தது. வெளிப்பக்கப் பேடின் முகம் கண்ணாடிபோல் வழவழத்துக் கிடந்தது. உள்பக்கத்தது அதைவிட மோசம்: உராய்வுப் பொருள் இரும்புத் தகட்டைவிட்டு ஒரு மூலையில் பெயர்ந்திருந்தது, இடுக்கில் நகம் நுழைந்தது. அவர் திருப்புளியை வைத்து நெம்பினார். பிஸ்கட் உடைவதுபோல் ஒரு துண்டு கையோடு வந்தது. அடியில் துரு. நல்ல தயாரிப்பில் தகட்டைத் துருவும் அழுக்கும் போகச் சுத்தம் செய்து, பசை தடவி, சூட்டிலும் அழுத்தத்திலும் உராய்வுப் பொருளைப் பிணைப்பார்கள். இங்கே துருப்பிடித்த தகட்டின் மேலேயே ஒட்டி, எல்லாவற்றுக்கும் கறுப்புச் சாயம் பூசிவிட்டிருந்தார்கள். இன்னும் சில கிலோமீட்டர் போயிருந்தால் அந்தத் துண்டு முழுதாகக் கழன்று விழுந்திருக்கும் என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உடைந்த பேடோடு கடைக்குப் போனேன். “மாட்டியவர் தவறு” என்றார்கள். மாட்டியவரிடம் போனால், “பொருளின் தவறு” என்றார். பில்லைக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். அதில் ‘பிரேக் பேட் – 1 செட்’ என்று மட்டும் இருந்தது. தயாரிப்பாளர் பெயர் இல்லை, எண் இல்லை, எந்தக் காருக்கு என்பதும் இல்லை. “இது நாங்கள் விற்றதுதான் என்று எப்படிச் சொல்வீர்கள்?” என்று முகத்தைப் பார்த்துக் கேட்டார், ஐந்து வாரத்துக்கு முன் சார் சார் என்று குழைந்த அதே மனிதர். ஆத்திரம் தலைக்கேறியது. ஆனால் கையில் ஆதாரம் இல்லாதவன் கத்துவதால் பயனில்லை. பெட்டியில் பெயர் இருந்த நிறுவனத்துக்குப் படங்கள் அனுப்பினேன். தொகுதி எண் அச்சிடப்பட்ட முறையே தங்களுடையது அல்ல என்று பதில் எழுதினார்கள். அவர்களுடைய பெயரும் திருடப்பட்டதுதான்.

அதே நாளில், அதே கடையில், ‘வெளிச்சம் போதவில்லை’ என்று நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக ஹெட்லைட் பல்பும் மாற்றிவிட்டார்கள். என் காருக்கு உரியது ஹெச்4 வகை, 60/55 வாட் பல்பு, அதாவது ஹைபீமுக்கு 60, லோபீமுக்கு 55. அவர்கள் போட்டது 100/90 வாட். சிலமாதங்களில் இடப்பக்க விளக்கு சிமிட்டத் தொடங்கியது. பார்த்தால் பல்பைச் செருகும் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தது. கணக்கு எளிது. 12 வோல்ட்டில் 60 வாட் என்றால் 5 ஆம்பியர், 100 வாட் என்றால் ஏறக்குறைய 8.3 ஆம்பியர். வயரில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்பதால், அதே மெல்லிய வயர் கிட்டத்தட்ட 2.8 மடங்கு சூட்டைத் தாங்க வேண்டியிருந்தது. தடித்த வயரும், அதிக மின்னோட்டத்தைத் தாங்கும் ரிலே என்ற சுவிட்சும் போடாமல் அந்தப் பல்பை மாட்டுவது தீப்பற்ற வழி செய்வதுதான். எதிரே வருபவரின் கண் கூசுவது தனிக் கொடுமை. ஹாலஜன் பல்புக்கென்று வடிவமைத்த விளக்குக் கூட்டில் எல்இடி பல்பைச் செருகினாலும் இதே தொல்லை வரலாம்: ஒளி பிறக்கும் இடம் கொஞ்சம் மாறினாலே கற்றை சிதறிவிடும். என் காரில் உண்மையான கோளாறு என்ன தெரியுமா? விளக்கின் முன்கண்ணாடி மஞ்சளேறியிருந்தது. மெருகேற்றியதும் பழைய வாட்டிலேயே சாலை நன்றாகத் தெரிந்தது.

இப்போது எந்தப் பாகம் வாங்கினாலும் முதலில் 17 எழுத்தும் எண்ணும் கொண்ட சேஸிஸ் எண்ணை வைத்து, என் காருக்கான பாக எண்ணைக் கண்டுபிடித்துக்கொள்கிறேன். ஒரே மாடலில் வருடத்துக்கு வருடம் கேலிப்பர், அதாவது பேடுகளைத் தாங்கி அழுத்தும் பாகம், மாறுவது உண்டு. மாடல் பெயரைச் சொல்லிக் கேட்டால் ‘பொருந்திவிடும்’ என்ற பதில்தான் கிடைக்கும். பிறகு, தயாரிப்பாளரின் பட்டியலில் அதற்கு இணையான எண். அந்த எண் பில்லில் ஏறாவிட்டால் வாங்காமல் திரும்பிவிடுகிறேன்.

பெட்டியை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அதனால் பொருளைத்தான் பார்க்கிறேன். நல்ல பேடுகள் பலவற்றின் விளிம்பில் அல்லது தகட்டின் முதுகில் தயாரிப்பாளர் குறியீடும் பிடிப்பைக் காட்டும் இரண்டு ஆங்கில எழுத்துகளும் இருக்கும். எஃப்எஃப் (FF) என்று இருந்தால், சாதாரணச் சூட்டிலும் அதிகச் சூட்டிலும் உராய்வுக் கெழு, அதாவது பிடிப்பின் அளவு, 0.35 முதல் 0.45 வரை என்று பொருள். இரண்டாவது எழுத்து ஈ (E) என்றால் சூடேறிய பின் பிடிப்பு 0.25 முதல் 0.35 வரைதான். ஐரோப்பிய ஒழுங்குமுறையான ஆர்90 முத்திரை இருந்தால், அந்தப் பேடின் செயல்திறன் அசலிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்ற சோதனையைத் தாண்டியது என்று அர்த்தம். இவற்றையும் போலியாக அச்சடிக்க முடியும்தான். ஆனால் என்னுடையதில் அதுகூட இல்லை, மொட்டையாக இருந்தது. மாட்டுவதற்கு முன் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு நிமிடம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: பழையதில் இருந்த விளிம்புச் சரிவு புதியதில் இல்லை, முதுகில் சத்தம் அடக்கும் தகடு பெயருக்கு ஒட்டியிருந்தது.

எல்லாவற்றிலும் விலை உயர்ந்ததே வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வைப்பர் பிளேடு, மிதியடி, கேபின் ஃபில்டர் போன்றவற்றில் அளவு பொருந்தினால் மலிவானதே போதும். பிரேக், ஸ்டீயரிங், டயர், டைமிங் பெல்ட் ஆகியவற்றில் மட்டும் பேரம் வேண்டாம். பல எஞ்சின்களில் டைமிங் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வுகளில் இடித்துவிடும். எஞ்சினையே பிரிக்க வேண்டியிருக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது. ‘புதுச் சரக்கு’ என்ற பேச்சை அந்த நான்கு இலக்கம் உடைத்துவிடும்.

துளையிட்ட டிஸ்க், பந்தயப் பேட் என்று மேம்பாடு பேசுவார்கள். அலுவலகத்துக்கும் சந்தைக்கும் போய்வரும் காருக்கு அவை தேவையில்லை. துளை விளிம்பில் விரிசல் விட இடமிருக்கிறது. பந்தயப் பேட் சூடேறிய பிறகுதான் நன்றாகப் பிடிக்கும், காலை முதல் சிக்னலில் அல்ல. அந்தப் பணத்தில் நல்ல டயரும் புது பிரேக் எண்ணெயும் போட்டால் வித்தியாசம் காலுக்கே தெரியும். டாட் 4 என்ற தரத்திலான பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கையில் அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரத்தை உறிஞ்சிய பின் அதற்கான குறைந்தபட்ச அளவு 155 தான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான்.

அண்மையில் பேட் மாற்றியவர்களிடம் ஒரு வேண்டுகோள். சக்கரத்தின் இடைவெளி வழியாக டார்ச் அடித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். அப்படித் தெரிவது வெளிப்பக்கப் பேட் மட்டும்தான். என்னுடையதில் பெயர்ந்திருந்தது உள்பக்கத்தது. இந்த வாரமே முன்சக்கரங்கள் இரண்டையும் கழற்றச் சொல்லி, நான்கு பேடுகளின் விளிம்பையும் நீங்களே குனிந்து பாருங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் பெட்டியையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.