இதய அறுவை அரங்கா, இன்டர்வென்ஷனல் ரேடியாலஜியா: ஒரு பிசிஷியன் அசிஸ்டென்ட்டின் ஒப்பீடு

மருத்துவரின் மேற்பார்வையில் அவருக்கு உதவியாக நோயாளிகளைக் கவனிக்கும் பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பில் மூன்றாண்டுப் பாடமும் ஓராண்டுப் பயிற்சியும் முடித்து வெளியே வரும் மாணவர்கள், எந்தப் பிரிவில் சேரலாம் என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். கோயம்புத்தூரில் ஐந்தாண்டுகள் இதய அறுவைப் பிரிவிலும், கடந்த ஆறாண்டுகளாக இன்டர்வென்ஷனல் ரேடியாலஜியிலும் பணியாற்றிய அனுபவத்தில் இதை எழுதுகிறேன். என் மனம் இரண்டாவதன் பக்கமே சாய்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இதய அறுவைக்கு ஒரு பெரிய பலம் உண்டு. நம் நாட்டில் இந்தத் தொழிலே அங்குதான் வேர்விட்டது. 1992இல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் டாக்டர் கே. எம். செரியன் தொடங்கிய பயிற்சி இதய அறுவைக்கான உதவியாளர்களை உருவாக்கத்தான் வந்தது. ஆகவே அங்கே நம் இடம் எது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பைபாஸ் அறுவையின்போது காலிலிருந்து சிரையை எடுத்துக் கொடுப்பது, தையல் போட்டு மூடுவது, பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவெல்லாம் கண்காணிப்பது என்று வேலை தெளிவாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. கைத்திறன் வளர விரும்புபவருக்கு அதைவிட நல்ல பள்ளி இல்லை.

இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி என்பது எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்துக்கொண்டே, ஊசி நுழையும் அளவு துளை வழியாக உடலுக்குள் சென்று செய்யும் சிகிச்சை. 1964இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் சார்லஸ் டாட்டர் என்ற மருத்துவர், காலை எடுத்தாக வேண்டும் என்று சொல்லப்பட்டு, அதற்கு உடன்படாத 82 வயதுப் பெண்மணியின் அடைபட்ட ரத்தக்குழாயைக் கத்தியின்றி விரித்துக் கொடுத்தார். சர்க்கரை நோயால் கால் விரல் கறுத்துப்போய் எங்களிடம் வருபவர்களுக்கு இன்று செய்யப்படுவதும் அதே வழியில் வந்த சிகிச்சைதான். சோமனூரிலும் பல்லடத்திலும் நாள் முழுவதும் தறியருகே நின்று நரம்பு சுருட்டிக்கொண்டவர்களுக்கு லேசர், டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ரத்தத்தை எடுத்துச் சுத்திகரித்துத் திரும்பச் செலுத்த உதவும் பெர்மகேத் குழாய், கல்லீரல் சீழ்க்கட்டிக்குக் குழாய், நுரையீரல் கட்டியில் சதைப் பரிசோதனை என்று ஒரே நாளில் உடலின் எல்லாப் பாகங்களையும் தொட்டுவிடுவோம்.

அமெரிக்காவில் பிசிஷியன் அசிஸ்டென்ட்களும் நர்ஸ் பிராக்டிஷனர்கள் எனப்படும் மேற்பயிற்சி பெற்ற செவிலியர்களும் வயிற்று நீர் எடுப்பது, கைச் சிரை வழியாகப் பிக் லைன் என்ற நீண்ட மெல்லிய குழாய் போடுவது போன்றவற்றைத் தங்கள் கையாலேயே செய்கிறார்கள். எங்கள் பிரிவில் ஊசியைப் பிடிப்பது மருத்துவர்தான். அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை நம் பொறுப்பு. ரத்தம் உறைவதைக் காட்டும் ஐ.என்.ஆர்., பிளேட்லெட், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றைச் சரிபார்ப்பதும், ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரல் மாத்திரையை ஐந்து நாள் முன்பே நிறுத்த வேண்டியவரா என்று மருத்துவரிடம் உறுதி செய்வதும், ஒப்புதல் படிவத்தில் எழுதியிருப்பதை நோயாளிக்குப் புரியும் தமிழில் சொல்வதும் அவற்றுள் அடங்கும். இதைக் குறைவாக எண்ணித்தான் நானும் சேர்ந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது குழாய்ப் பராமரிப்பு.

நான் சேர்ந்த முதல் ஆண்டில், தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் குளிர்காய்ச்சலோடு வந்தார். புற்றுக் கட்டியால் பித்தநாளம் அடைபட்டு, தேங்கிய பித்தம் வெளியே ஒரு பையில் வடியும்படி, தோல் வழியாகக் கல்லீரலுக்குள் பி.டி.பி.டி. என்ற குழாய் வைத்து நாங்கள்தான் அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். பை காலியாக இருந்தது. "பையில ஒண்ணும் சேருலீங் அம்முணி, சரி, சீக்கு எறங்கிருச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சுப்போட்டமுங்" என்றார் அவருடைய மனைவி. குழாயைத் திறந்து மூடும் மூன்று வழித் திருகு தவறான பக்கம் திரும்பி நான்கு நாட்களாகியிருந்தன. குழாய் வைத்ததில் ஒரு பிழையும் இல்லை. பை காலியானால் மகிழக் கூடாது, உடனே அழைக்க வேண்டும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அது எங்கள் பிரிவின் தவறு, அதில் எனக்கும் பங்கு உண்டு. அவர் பிழைத்துக்கொண்டார்.

அதன் பிறகு, உடனிருப்பவர் எங்கள் கண்முன் தம் கையாலேயே, குழாய் அடைபடாமல் இருக்க அதில் சலைன் என்ற உப்பு நீரைச் செலுத்திக் காட்டாமல் யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. சலைனை உள்ளே மெதுவாகச் செலுத்த மட்டுமே வேண்டும், பித்தக் குழாயில் திரும்ப உறிஞ்சக் கூடாது. அன்றாடம் வெளியேறும் பித்தத்தை அளந்து எழுத வேண்டும், ஏனென்றால் அதிகமாகப் போனால் உடலின் நீரும் உப்பும் சேர்ந்தே குறையும். சிறுநீரகத்தில் வைத்த குழாயாக இருந்தால் ஏறத்தாழ மூன்று மாதத்திற்கு ஒருமுறை மாற்ற வர வேண்டும். இவற்றை ஒரு தாளில் பெரிய எழுத்தில் தமிழில் அச்சிட்டு, திருகு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று படமும் வரைந்து கொடுக்கிறோம். இதய அறுவைப் பிரிவில் நான் அறிந்த நோயாளிகள் ஒரு வாரம், பத்து நாளில் வீடு திரும்பி, பிறகு இதய மருத்துவரின் பார்வைக்குப் போய்விடுவார்கள். இங்கே குழாயோடு இருப்பவர் மாதக்கணக்கில் நம்மிடமே திரும்பி வருகிறார். நாம் கற்றுக் கொடுத்தது நின்றதா, நழுவியதா என்பதை அவருடைய குழாயே காட்டிவிடுகிறது.

கதிர்வீச்சைப் பற்றிய அச்சம் நியாயமானது, ஆனால் கையாளத்தக்கது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடலில் படும் கதிரின் அளவு), எந்த ஓர் ஆண்டிலும் 30க்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. நம்மீது பட்ட கதிரை அளந்து காட்டும் டி.எல்.டி. பேட்ஜைத் தவறாமல் அணிய வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் கதிர் ஏறத்தாழ கால் பங்காகும் என்பதால், படமெடுக்கும் நேரத்தில் ஓரடி பின்வாங்குவதும் பாதுகாப்புதான். கருவுற்ற பெண்கள் உடனே தெரிவித்துவிட வேண்டும். என்னை அதிகம் வருத்தியது கதிரைத் தடுக்க அணியும் ஈய ஏப்ரனின் பாரம். தோளில் மட்டும் தொங்கும் ஒற்றை ஏப்ரனை விட்டு, இடுப்பும் பாரம் தாங்கும் இரண்டு துண்டு உடைக்கு மாறிய பிறகே முதுகுவலி தணிந்தது. இதய அறுவை அரங்கில் மணிக்கணக்கில் நிற்பதும் எளிதன்று.

வேறு மருத்துவமனைக்கு வேலை மாறும் வாய்ப்பில் இதய அறுவைதான் முந்துகிறது. எங்கள் பிரிவு பெரும்பாலும் ஒன்றிரண்டு மருத்துவர்களை நம்பி நடப்பது. அவர்கள் வேறிடம் போனால் நம் வேலையும் ஆட்டம் காணும். ஊதியத்தில் நான் பெரிய வேறுபாடு காணவில்லை, ஆனால் நான் பணியாற்றியவை இரண்டே மருத்துவமனைகள் என்பதால் அதைப் பொதுவிதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் பிரிவில் சேர நினைப்பவர்கள் நேர்காணலில் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: குழாய் வைத்தவர்களைத் திரும்பப் பார்ப்பதற்குத் தனி அறையும் குறித்த நாளும் இருக்கின்றனவா? அப்படி எதுவும் இல்லாத மருத்துவமனையென்றால், நான் உங்களை இதய அறுவைக்கே போகச் சொல்வேன்.