பயணப் பைக்கு ஒரு சாரம்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், நவீன சந்தையில் வாங்கிய பருத்திச் சாரம் (லுங்கி) இது. விலை ஆயிரத்து ஐந்நூறு ரூபாவுக்குள். தோளில் ஒற்றைப் பையோடு ஊர் சுற்றுகிறவருக்கு இது எவ்வளவு உதவும் என்பதை மட்டும் எழுதுகிறேன். வீட்டுத் தராசில் 310 கிராம் காட்டியது. துவாய், போர்வை, படுக்கை விரிப்பு, இரவு உடுப்பு நான்கையும் இப்போது வீட்டில் விட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

கடையில் முதலில் எடுத்துப் போட்டது பொலியெஸ்டர் கலந்த ரகம். கசங்காது, கெதியாகக் காயும், உண்மைதான். ஆனால் நம்மூர் வெயிலில் அதை உடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் இருந்து பாருங்கள்! தண்ணீரையும் சரியாக உறிஞ்சாது, துவட்டவும் உதவாது. மெல்லிய பருத்திதான் வேண்டும் என்றதும் முதலாளி உள்ளே போய் நீலக் கட்டம் போட்ட ஒன்றை எடுத்துவந்தார். "தோய்க்கத் தோய்க்க மெத்தெண்டு வரும் தம்பி" என்றார். அப்படித்தான் வந்தது. புதுசில் பசை இருப்பதால் நாலைந்து தோய்ப்பு போகும்வரை துவாயாக நம்ப வேண்டாம். முதல் தோய்ப்பைத் தனியாகப் போடுங்கள், நீலம் விடுகிறது.

இதன் அருமை நெடுந்தீவில் தெரியும். குறிகட்டுவானில் படகு ஏறினால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். மேலே இருந்தால் வெயில், ஓரத்தில் இருந்தால் உப்புத்தண்ணீர். இரண்டுக்கும் தலையோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டேன். தீவில் கிணற்றடிக் குளிப்பு. மறைப்பு தேட வேண்டியதில்லை, சாரத்துக்குள் நின்றே உடுப்பு மாற்றலாம். பிழிந்து கொடியில் போட்டால் அந்தக் கடல் காற்றுக்கு மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். பவளக்கல் மதிலில் மட்டும் விரிக்காதீர்கள். அந்தக் கல் நூலைப் பிடித்து இழுக்கும். என் சாரத்தின் கரையில் இரண்டு இடத்தில் இழை எழும்பி நிற்பது அதனால்தான்.

கொழும்புக்கு இரவு ரயிலில் போகும்போது குளிருக்கு இதுதான் போர்வை. ஒரு பக்க வாயை முடிந்து, மாற்று உடுப்புகளை உள்ளே திணித்தால் தலையணையும் ஆகும். இரண்டையும் ஒரே இரவில் கேட்கக் கூடாது, அவ்வளவுதான். தங்கச்சி இதைப் பார்த்துவிட்டுத் தனக்கும் ஒன்று வாங்கினாள், விடுதிக் கட்டில் விரிப்பில் நம்பிக்கை வராத இடங்களில் மேலே விரிக்க.

மலைநாட்டுக்கு இது போதாது. அந்தக் குளிரில் பருத்தி நனைந்தால் லேசில் காயாது, நனைந்த பருத்தி உடம்புச் சூட்டையும் தக்கவைக்காது. 2,243 மீற்றர் உயரத்தில், சிவனொளிபாத மலையில் விடியலுக்குக் காத்திருக்கும்போது அடிக்கிற காற்றை இதை வைத்துச் சமாளிக்க முடியாது. அதற்கு ஒரு கம்பளிச் சட்டையும் மெல்லிய மழை அங்கியும் வேண்டும். சாரம் அடிவாரத்து அறையில் கிடக்கட்டும். கோயில்களுக்கும் இது சரிவராது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்குள் சாரத்தோடு போக எனக்கு மனம் ஒப்பாது, அதனால் மெல்லிய வேட்டி ஒன்று மேலதிகமாகப் பையில் ஏறுகிறது.

வாங்கும்போது தைத்ததா, தைக்காததா என்று யோசியுங்கள். தைக்காவிட்டால் இரண்டு மீற்றர் நீளத்துக்கு முழுப் போர்வை கிடைக்கும், ஆனால் கிணற்றடியில் உடுப்பு மாற்றும்போது ஒரு கை எப்போதும் அதைப் பிடித்தபடியே இருக்க வேண்டும். நான் தைத்ததையே வைத்திருக்கிறேன். போர்த்தினால் கழுத்திலிருந்து முழங்கால் வரைதான் வரும், மிச்சத்தைக் காலுறை பார்த்துக்கொள்ளும். உள்ளே திருப்பித் தையலையும் பாருங்கள். எனக்குக் கிடைத்தது ஒற்றைத் தையல், வீட்டு மெஷினில் இன்னொரு ஓட்டு ஓட்டிய பிறகுதான் பையில் வைத்தேன்.