வெட்டியதோடு கைவிட்ட ‘பக்கேஜ்’: உடம்பு குறைக்க ஒப்பரேசன் செய்யப்போகிறவர்களுக்கு

கிளிநொச்சிப் பக்கத்து அக்கா ஒருவருக்கு நடந்ததை, அவருடைய சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறோம். கனடாவில் இருக்கிற தம்பி காசு அனுப்பினார். முகவர் ஒருவர் கொழும்பில் ‘ஸ்லீவ்’ சத்திரசிகிச்சைக்கு, அதாவது இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுத்து மிச்சத்தைக் குழாய்போல ஆக்குகிற ஒப்பரேசனுக்கு, ஒழுங்கு செய்து கொடுத்தார். ஆறு மாதத் தொடர் பராமரிப்பு, சாப்பாட்டு ஆலோசனை, விற்றமின், புரத மா எல்லாம் பக்கேஜுக்குள் அடக்கம் என்பது பேச்சு. கையில் கிடைத்தது மூன்று ரின் மா, ஒரு போத்தல் இனிப்புக் குளிசை, ஆங்கிலத்தில் ஒரு பக்கத் தாள். மூன்றாம் நாளே வானில் ஏற்றி ஏ9 வீதியால் அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது கிழமை சத்தி தொடங்கியபோது முகவரின் தொலைபேசி வேலை செய்யவில்லை.

வெட்டு சரியாகத்தான் நடந்திருக்கிறது. மோசடி அதற்குப் பிறகு வரவேண்டியதில்தான்.

முதலில் அந்த மா. ரின்னின் முன்பக்கத்தில் ‘உயர் புரதம்’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. பின்பக்கத்து அட்டவணையில் 30 கிராம் கரண்டிக்குப் புரதம் 4 கிராம், மாச்சத்து 23 கிராம். சேர்மானத்தில் முதலாவது பெயர் மோல்ட்டோடெக்ஸ்ரின், அதாவது இனிப்பில்லாத சீனி மாதிரி. இந்த ஒப்பரேசனுக்குப் பிறகு ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். இந்த மாவில் 60 கிராம் எடுக்க 15 கரண்டி கரைக்கவேண்டும். மிஞ்சியிருக்கிற இரைப்பை ஒரு தடவைக்கு 100 முதல் 150 மில்லிலீற்றர்தான் கொள்ளும். பிறகெப்படி? நல்ல மோர்ப்புரத மா என்றால் 30 கிராமில் 20 கிராமுக்குக் குறையாமல் புரதம் இருக்கும். வாங்கும்போது முன்பக்கத்தை விட்டுவிட்டு அட்டவணையை மட்டும் பாருங்கள்.

அந்தத் தாளில் ‘மென்மையான உணவு’ என்று ஒரு வரி. எந்தக் கிழமையில், எவ்வளவு என்று ஒன்றுமில்லை. வீட்டில் அன்போடு ஏழாம் நாளே சிவப்பரிசிக் கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள். பருக்கையும் தவிடும், வெட்டினதால் வீங்கியிருக்கிற இரைப்பைக் குழாய்க்குள் சிக்கி சத்தியாகிவிட்டது. பழி வீட்டாருடையதல்ல, சொல்லாமல் விட்டவர்களுடையது.

சொல்லியிருக்கவேண்டியது இது. முதல் இரண்டு கிழமையும் வடித்த திரவம் மட்டும்: மிளகாய் போடாத மீன் அவியல் தண்ணி, ஆடை எடுத்த பால், சீனி போடாத தேத்தண்ணி, கரைத்த புரத மா. பாணிமருந்து அளக்கிற மூடியால் 30 மில்லிலீற்றர், 15 நிமிடத்துக்கு ஒரு தடவை. விழித்திருக்கிற 14 மணித்தியாலத்துக்கு அது ஏறக்குறைய 1,700 மில்லிலீற்றர் வரும். சோளகம் அடிக்கிற மாதங்களில் எங்கள் பக்கத்து வெக்கைக்கு இதில் குறையவே கூடாது. சலம் கடும் மஞ்சளானால் தண்ணி போதவில்லை என்று அர்த்தம். மூன்றாம் நான்காம் கிழமை மசித்தது: குழைய அவித்த பருப்பு, முள் எடுத்து மசித்த குளத்து மீன், பனங்கட்டி போடாத தயிர். ஒரு தடவைக்கு இரண்டு முதல் நான்கு மேசைக்கரண்டி, நாளுக்கு ஐந்தாறு தடவை. ஐந்தாம் ஆறாம் கிழமையில் உதிர்த்த மீன், மென்மையாக அவித்த முட்டை, பூசணி.

புட்டும் பாணும் சோறும் இரண்டு மாதத்துக்குப் பிறகு, ஒரு நாளைக்கு ஒன்றாகப் பார்த்துப் பார்த்து. புட்டு காய்ந்தது, பாண் பசைபோலத் திரளும், இரண்டும் அடைக்கும். சாப்பிடும்போது தண்ணி வேண்டாம், முடித்து அரை மணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம். முதலில் புரதம், பிறகு மரக்கறி, கடைசியில்தான் சோறு.

இரண்டு மாதத்துக்குப் பிறகு ரின் மா இல்லாமலே 60 கிராம் எட்டலாம். ஒரு முட்டை 6, இரண்டு தம்ளர் பால் 13, நாள் முழுக்க 120 கிராம் மீன் 24, அவித்த பருப்பு 100 கிராம் 8, தயிர் 100 கிராம் 4, ஆடை நீக்கிய பால்மா இரண்டு மேசைக்கரண்டி 5. இரணைமடுவிலும் முத்தையன்கட்டிலும் பிடிக்கிற மீனுக்கு முன்னால் அந்த ரின் ஒன்றுமேயில்லை.

இனிப்புக் குளிசையில் இரும்பும் இல்லை, தயமினும் (விற்றமின் பி1) இல்லை. இந்த ஒப்பரேசனுக்குப் பிறகு விற்றமின் வாழ்நாள் முழுக்க. மாதவிடாய் வருகிற பெண்களுக்கு இரும்பு நாளுக்கு 45 முதல் 60 மி.கி.; எல்லாருக்கும் நாளுக்குக் கல்சியம் 1,200 முதல் 1,500 மி.கி. மூன்றாகப் பிரித்து, விற்றமின் டி 3,000 அலகு, பி12 வாயால் அல்லது மாதத்துக்கு 1,000 மைக்ரோகிராம் ஊசி. இரும்பையும் கல்சியத்தையும் இரண்டு மணித்தியால இடைவெளியில் போடுங்கள், சேர்த்துப் போட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. கர்ப்பிணிகள் கிளினிக்கில் கொடுக்கிற 300 மி.கி. கல்சியம் லக்ரேற்றை நம்பி இருக்கவேண்டாம், அதில் உண்மையான கல்சியம் 39 மி.கி.தான். கல்சியம் சிற்றேற் நல்லது, அதற்கு இரைப்பை அமிலம் தேவையில்லை. சரியான அளவை இரத்தப் பரிசோதனை பார்த்து வைத்தியர் முடிவெடுக்கவேண்டும்.

அக்காவுக்கு உயிர் போகப் பார்த்தது தயமின் குறைந்ததால். உடம்பில் அதன் கையிருப்பு இரண்டு மூன்று கிழமைக்குத்தான் காணும். ஒன்பது நாள் சத்தி எடுத்தவருக்குத் தனியார் கிளினிக் ஒன்றில் குளுக்கோஸ் சேலைன் ஏற்றினார்கள். தயமின் இல்லாத உடம்பில் குளுக்கோஸ் ஏறினால் மூளை பாதிக்கும். அடுத்த நாள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது, நடை தள்ளாடியது, கதை குழம்பியது. அரச வைத்தியசாலையில் தயமின் ஊசி போட்ட பிறகு பார்வை சில நாளில் சரியானது. நடை சரியாக மாதங்கள் எடுத்தது. ஆகவே சத்தி இரண்டு மூன்று நாளுக்குள் நிற்காவிட்டால் காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். சேலைன் போடமுன், “இரைப்பை வெட்டினது, முதலில் தயமின் போடுங்கோ” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அந்த வீதிப் பயணமும் சின்ன விசயமல்ல. ஒப்பரேசன் செய்த உடம்பு ஏழெட்டு மணித்தியாலம் மடங்கி இருந்தால் காலில் இரத்தம் கட்டும். அது நுரையீரலுக்குப் போனால் ஆபத்து. மணித்தியாலத்துக்கு ஒருக்கால் இறங்கி ஐந்து நிமிடம் நடக்கவேண்டும். இரத்தம் கட்டாத ஊசி எத்தனை நாளைக்கு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஒரு கால் மட்டும் வீங்கினால், மூச்சு முட்டினால், காய்ச்சலோடு நாடி 120க்கு மேல் அடித்தால், இடது தோள்மூட்டு வலித்தால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். இரைப்பைத் தையல் கசிந்தால் காய்ச்சலும் நாடியும் தோள்வலியும் இப்படித்தான் காட்டும்.

நீரிழிவுக் குளிசையையும் இன்சுலினையும் பழைய அளவில் தொடர்ந்தால் சீனி ஆபத்தாக இறங்கும். அளவை மாற்றாமல் வீட்டுக்கு விடக்கூடாது. முழங்கால் வலிக்கு டைக்குளோபெனக் வாங்கிப் போடாதீர்கள், இரைப்பையில் புண் வரும், பரசிற்றமோல் போதும். பிள்ளை பெற நினைக்கிறவர்கள் 12 முதல் 18 மாதம் பொறுக்கவேண்டும்.

காசு கட்டமுன் முகவரிடமல்ல, சத்திரசிகிச்சை நிபுணரிடமே கேளுங்கள்: 3, 6, 12ஆம் மாதப் பரிசோதனைகளை எங்கே செய்வது, யார் பார்ப்பது, இரவில் எந்த இலக்கத்துக்கு அழைப்பது. பதில் எழுத்தில் வராவிட்டால் முற்பணம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே செய்துவிட்டு இப்படிக் கைவிடப்பட்டிருந்தால், வீட்டுக்கு விடும்போது தந்த டயக்னோசிஸ் காட்டையும் ரின்னையும் குளிசைப் போத்தலையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு உங்கள் மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு இந்தக் கிழமையே போங்கள். என்ன வெட்டினார்கள் என்பது அந்த டயக்னோசிஸ் காட்டில் இல்லாவிட்டால், ஒப்பரேசன் குறிப்பின் பிரதி கேட்டு செய்த இடத்துக்குக் கடிதம் எழுதுங்கள்.