பழைய டீவிக்கு அன்ட்ரொயிட் பொக்ஸ் வாங்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க

போன மாதம் கேபிளை வெட்டினோம். மாதாமாதம் கட்டுகிற காசுக்கு அம்மா பார்ப்பது ஒரு செய்தி, இரண்டு நாடகம். வீட்டில் இருப்பதோ 21 அங்குல டியூப் டீவி. பின்னால் புது டீவிகளில் இருக்கிற எச்டிஎம்ஐ ஓட்டை கிடையாது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்று ஓட்டைதான். வெள்ளவத்தையில் கேட்ட கடையெல்லாம் புது டீவி வாங்கச் சொன்னது. படம் இன்னும் பளிச்சென்று தெரிகிற டீவியை எறிய அம்மாவுக்கு மனமில்லை. இணையத்தில் வருவதை டீவியில் காட்டுகிற அன்ட்ரொயிட் பொக்ஸ் ஒன்று தேடி, 100 பஸ்ஸில் ஏறிப் புறக்கோட்டைக்குப் போனேன்.

முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு கடை. "அக்கா, இதுல ஏவி இருக்கு. உங்கட டீவிக்கு நேரா குத்தலாம்."

ஏவி என்றால் அந்த மூன்று கலர் ஓட்டை. நான் ஏமாந்து விழுந்தது அந்த ஒரு சொல்லில்தான். பொக்ஸ் வேலையையே செய்கிற, டீவியில் குத்துகிற சின்ன ஸ்டிக்குகள் இருக்கின்றன; இப்போது வருகிற நல்ல கம்பனி ஸ்டிக்கில் எச்டிஎம்ஐ மட்டுமே இருக்கும். ஏவி ஓட்டை பெரும்பாலும் இந்த ஊர் பேர் தெரியாத பொக்ஸ்களில்தான். பழைய டீவிக்காரர் வந்து மாட்டுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

8 ஜிபி ராம், 128 ஜிபி ஸ்டோரேஜ் என்று அட்டையில் போட்டிருந்தது. செட்டிங்ஸைத் திறந்தும் காட்டினான், அதே எண்கள். 14,500 ரூபாய் கொடுத்தேன்.

வீட்டில் மஞ்சளை மஞ்சளில் குத்தினால் திரை முழுக்க இரைச்சல். அக்காவின் மகன் வயரை மாற்றி மாற்றிக் குத்தி, சிவப்பு முனையை மஞ்சள் ஓட்டையில் போட்டதும் படம் வந்தது. கூடத் தந்த வயரே அந்த பொக்ஸுக்குப் பொருந்தாத வயர். அதில் இருந்த நெட்பிளிக்ஸ் ஆப் டீவிக்கல்ல, ஃபோனுக்குச் செய்தது. றிமோட்டுக்கு அசையாது, மவுஸ் வேண்டும். எழுபது வயது மனுஷி மவுஸை மடியில் வைத்துக்கொண்டு நாடகம் பார்ப்பதா?

பிறகு அக்காவின் மகன் ஒரு பென் டிரைவில் இருந்து படங்களை பொக்ஸுக்குள் கொப்பி பண்ணிப் பார்த்தான். 5 ஜிபி தாண்டவில்லை, இடமில்லை என்றது. 128 என்று செட்டிங்ஸில் தெரிந்தது வெறும் எழுத்து! அதை எப்படியும் மாற்றி எழுதிவிடலாமாம். பிளே ஸ்டோரின் செட்டிங்ஸில் 'அபவுட்' என்ற இடத்தைத் திறந்தால், கூகுளால் சான்றளிக்கப்படாத கருவி என்று அதுவே சொல்கிறது. கடையில் நான் பார்த்திருக்க வேண்டியது அதைத்தான். படங்களைத் திருட்டுக் கொப்பி எடுக்காமல் காக்கும் வைட்வைன் எல்1 என்ற பூட்டு இல்லாத பொக்ஸில் நெட்பிளிக்ஸ் எச்டியில், அதாவது துல்லியமான படத்தில், ஓடாது. எங்கள் டியூப் டீவிக்கு அது குறையில்லை, எச்டிஎம்ஐ டீவி வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்.

எனக்குப் பயம் வந்தது வேறொன்றில். 2023இல் டி95 என்ற பெயரில் விற்ற இப்படியான பொக்ஸ்களில், வாங்குகிறவர் கைக்கு வரும் முன்பே வைரஸ் ஏற்றியிருந்தது பிடிபட்டது. 2025 ஜூனில் அமெரிக்க எஃப்பிஐயும் இதே மாதிரிக் கருவிகள் பற்றி எச்சரித்தது. நம் வீட்டு இணைப்பை ஊரான் களவாகப் பாவிக்கிற வேலையாம். எங்கள் பொக்ஸில் அது இருந்ததா என்று நிரூபிக்க என்னால் முடியாது. ஆனால் எல்லோரும் படுத்த பிறகும் ரவுட்டர் லைட் விடாமல் சிமிட்டியது, அந்த மாத டேட்டா 19ஆம் தேதியே முடிந்தது. பொக்ஸைக் கழற்றினேன், சிமிட்டல் நின்றது.

திருப்பிக் கொண்டுபோனேன். "சொஃப்ட்வேருக்கு வொரண்டி இல்ல அக்கா." பில்லில் 'பொக்ஸ் 1' என்று மட்டும் எழுதியிருந்தான், மொடல் இல்லை, ராம் இல்லை. நுகர்வோர் அதிகார சபையின் 1977க்கு அழைத்துச் சொன்னேன். கையில் அந்த பில் மட்டுமே இருக்கிறது, பார்ப்போம். வாங்குகிறவர்கள் மொடலையும் ஜிபியையும் பில்லில் எழுதச் சொல்லி வாங்குங்கள்.

இப்போது சான்றுள்ள ஒரு ஸ்டிக், அதற்கு எச்டிஎம்ஐயை ஏவியாக மாற்றும் சின்னக் கன்வேர்ட்டர். யூஎஸ்பி மின்சாரம் குத்துகிற கன்வேர்ட்டராகப் பாருங்கள். ஒரு முனை எச்டிஎம்ஐ, மறுமுனை மூன்று கலர் என்று விற்கிற வெறும் வயர் வேலை செய்யாது. பக்கத்தில் பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்ற இரண்டு டீவி சிக்னல் முறைகளுக்கு ஒரு சுவிட்ச் இருக்கும், நம் ஊர் டீவிக்கு PALஇல் வையுங்கள். நான் மாறி வைத்துவிட்டேன். அம்மா ஒரு மணி நேரம் செய்தியைக் கறுப்பு வெள்ளையில் பார்த்துவிட்டு, "பழைய காலம் மாதிரி நல்லாத்தான் இருக்கு" என்றார்.