அஸ்தம்பட்டி தம்பியிடம் பொம்மைக் கார் வாங்கலாமா?

வாங்கலாம். பழைய கார் என்றால் இன்னும் தைரியமாக வாங்கலாம். சேலம் அஸ்தம்பட்டியில் வீட்டு மாடியிலிருந்தே இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் வழியாக ஹாட் வீல்ஸ், மேட்ச்பாக்ஸ் பொம்மைக் கார்கள் விற்கிறார் இந்தத் தம்பி. கடையும் இல்லை, போர்டும் இல்லை. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

நான் இருப்பது ஏற்காட்டில். இங்கே கார் சேர்ப்பவர்களுக்கு எல்லாமே பார்சல்தான், கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து வாங்க வழியில்லை. விற்பவர் அனுப்பும் போட்டோவும் அதன் கீழே எழுதுவதும்தான் நமக்குக் கண்.

கடைசியாக அவரிடம் வாங்கியது ஒரு லியோ கார். 1980களில், ஹாட் வீல்ஸ் நிறுவனமான மேட்டலின் உரிமத்தோடு லியோ டாய்ஸ் இந்தியாவிலேயே செய்த ஹாட் வீல்ஸ் அது. வெளிநாட்டுக்காரர்களும் தேடுவதால் விலையும் அதிகம், புளுகும் அதிகம். நான் கேட்காமலேயே ஆறு பக்கமும் படம் வந்தது. கூடவே ஒரு வாய்ஸ் நோட்: "அக்கா, பின்சக்கரம் ஒண்ணு ஆடுது, கூரையில பெயின்ட் உரிஞ்சிருக்கு, அட்டையும் இல்ல. பாத்துட்டு முடிவு பண்ணுங்க." மேல்பாகத்தையும் அடித்தகட்டையும் பிணைத்து அடியில் இருக்கும் ரிவெட்டை மட்டும் நெருக்கமாக எடுத்துத் தனிப் படம். காரைப் பிரித்துப் புதுப் பெயின்ட் அடிப்பவர்கள் பெரும்பாலும் ரிவெட்டைத் துளைத்துத்தான் திறப்பார்கள். அது முழுசாக இருக்கிறதா என்று காட்டிவிட்டாலே பாதி சந்தேகம் தீர்ந்தது.

அடித்தகட்டில் பொறித்திருக்கும் வருடத்தைக் காட்டி 'அந்தக் காலத்துக் கார்' என்று விலை ஏற்றும் ஆட்கள் நிறைய. அது அந்த வடிவத்துக்கான காப்புரிமை ஆண்டு. அதே வடிவத்தில் பல வருடம் கழித்துச் செய்த காரிலும் அதே எண் இருக்கும். தம்பி இதைப் பதிவிலேயே எழுதிவிடுகிறார். சாதாரணக் காருக்கு ரப்பர் டயர் மாட்டி, சூப்பர் ட்ரெஷர் ஹன்ட் என்ற அரிய வகை என்று தலையில் கட்டுவதும் நடக்கிறது. அப்படி ஒன்று அவர் கைக்கு வந்தபோது 'கஸ்டம், டயர் மாற்றியது' என்று போட்டுத்தான் விற்றார். செவ்வாய்பேட்டையில் கொலுசு வாங்கினால் டச் (வெள்ளியின் தூய்மை) எவ்வளவு என்று கேட்டு வாங்குகிற ஊர் நம்முடையது. பொம்மைக் காருக்கும் அந்தக் கேள்வி வேண்டும்.

புதிதாக வரும் மெயின்லைன் (சாதாரண வரிசை) கார்களுக்கு அட்டையில் அச்சிட்ட எம்ஆர்பிதான் வாங்குகிறார், கூரியர் தனி. ஆளுக்கு ஒன்று. கடையில் பெட்டி பிரிக்கும் நேரம் பார்த்துப் போய், நல்லதையெல்லாம் அள்ளிவந்து மூன்று மடங்குக்கு விற்பவர்களை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஐந்தாம் வகுப்புப் பையன் உண்டியல் காசோடு போனால் அவனுக்கு மிச்சம்தான் கிடைக்கிறது. கடைக்காரர் சீல் பிரிக்காத புதுப் பொருளை எம்ஆர்பிக்கு மேல் விற்பது சட்டப்படியும் தப்பு.

பேக்கிங்கில் குறையே இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தும் காரை மூடியிருக்கும் பிளாஸ்டிக் ப்ளிஸ்டர் நசுங்கியதில்லை. பார்சல் கட்டும் வீடியோவை அவர் அனுப்புகிறார், பிரிக்கும் வீடியோவை நம்மிடம் கேட்கிறார். இரண்டு பக்கமும் சாட்சி இருப்பது நியாயம்தானே.

என்னிடம் இரட்டையாக இருந்த மேட்ச்பாக்ஸ்களையும் அவர் வழியாகவே விற்றேன். வாங்கியவர் பணம் போட்ட ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி, பேசிய கமிஷனை மட்டும் கழித்து, மிச்சத்தை அன்றைக்கே ஜிபேயில் அனுப்பினார். நாமே நேராக விற்பதென்றால் ஒன்றை மறக்காதீர்கள்: பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் போடவே தேவையில்லை. 'பின் போட்டால் பணம் வரும்' என்று ஒருவர் சொன்னால் அவர் கார் வாங்க வந்தவர் இல்லை.

எனக்கு ஒப்பாதது அவருடைய முன்பதிவு முறை. சரக்கு மாதக்கணக்கில் தள்ளிப்போனாலும் முன்பணத்தைத் திருப்புவதில்லை, அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்ளச் சொல்கிறார். தாமதம் வாங்குபவரால் வந்ததில்லையே, கேட்பவருக்குப் பணமாகவே கொடுத்துவிட வேண்டும். அவரிடமே சொன்னேன். "யோசிக்கிறேன்க்கா" என்றார். அது மாறும்வரை அவர் கையில் இருக்கும் சரக்கை மட்டும் வாங்குங்கள், முன்பதிவு வேண்டாம்.