தண்டையார்பேட்டை பக்கம் ஒரு ஃபென்சிங் (வாள்வீச்சு) கிளாஸ்: புள்ளைய சேத்துவிட்ட அப்பனோட ரிவ்யூ

முதல்லயே ரேட்டிங் சொல்லிடறேன், அஞ்சுக்கு நாலு. கிளாஸ் பேரு போடலை, ஏன்னா குறையும் சேத்துதான் எழுதப்போறேன், மாஸ்டர் தனி ஆளா ஓட்டிட்டு இருக்காரு, அவர சங்கடப்படுத்த வேணாம். தண்டையார்பேட்டைக்கும் புது வண்ணாரப்பேட்டைக்கும் நடுவுல ஒரு ஹால், மெட்ரோல இறங்கினா நடந்தே போயிடலாம், ஏரியால விசாரிச்சா யாராச்சும் கைய காட்டுவாங்க. வேற எங்கயாச்சும் சேக்கறவங்களுக்கும் என்னத்த பாத்து சேக்கணும்னு ஒரு ஐடியா கிடைக்கட்டும்னுதான் கொஞ்சம் நீளமா எழுதறேன்.

நம்ம பக்கம் புள்ளைங்கள விளையாட்டுல சேக்கறதுன்னா பாக்சிங், ஃபுட்பால், கேரம், இப்ப கொஞ்ச நாளா சிலம்பம். ஃபென்சிங்க எல்லாரும் கவனிச்சது பவானி தேவிக்கு அப்புறம்தான். பழைய வண்ணாரப்பேட்டை பொண்ணு, முருக தனுஷ்கோடி ஸ்கூல்ல படிச்சவங்க, மத்த கேம்ல எல்லாம் இடம் ஃபுல்லாயிடுச்சுன்னு ஃபென்சிங்ல போய் நின்னவங்க, மூங்கில் குச்சிய வெச்சு பிராக்டிஸ் பண்ணவங்க. 2021 ஜூலை 26 டோக்கியோ ஒலிம்பிக்ல துனிசியா பொண்ண 15-3ன்னு அடிச்சப்ப எங்க தெருவுல பாதி பேருக்கு இது என்ன கேமுன்னே தெரியாது, அடுத்த மேட்ச்ல பிரான்ஸோட மனோன் ப்ரூனே கிட்ட 7-15ன்னு தோத்தப்ப எல்லாரும் எக்ஸ்பர்ட் ஆயிட்டாங்க. அப்புறம் 2023ல சீனாவுல வுக்ஸியில நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்ல குவார்ட்டர் ஃபைனல்ல ஜப்பானோட மிசாகி எமுராவ, அவங்க அப்ப உலக சாம்பியன், 15-10ல தூக்கிட்டு வெண்கலம் வாங்கினாங்க. இந்தியாவுக்கு அந்தப் போட்டில அதான் முதல் மெடல்.

இத ஏன் சொல்றேன்னா, அந்த பேர வெச்சே "உங்க பொண்ண அடுத்த பவானி தேவி ஆக்கிடறோம்"னு வாய்ல வட சுடற ஆளுங்களும் இருக்காங்க. நம்ம மாஸ்டர் அந்த டைப் இல்ல. சேக்கப் போனப்ப அவரு கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கை?" என் பொண்ணு பீச்சாங்கை. எங்கம்மா இன்னிக்கும் அந்தக் கையில சாப்பாட்ட தொட்டா முறைப்பாங்க. மாஸ்டர் முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். எதிர்ல நிக்கற புள்ள தெனமும் சோத்தாங்கை ஆளுங்களோட ஆடிப் பழகிருக்கும், திடீர்னு இடது கைல ஒருத்தி வந்தா கோணமே மாறிப்போயிடும், எங்க தடுக்கறதுன்னு குழம்பிடும்னு வெளக்கினாரு. எங்கம்மாகிட்ட அத சொன்னேன், "சோறு மட்டும் இந்தக் கையில துன்னட்டும்"னு ராஜி ஆயிட்டாங்க.

கிளாஸ்ல எனக்கு ரொம்ப புடிச்சது கால் வேலை. ஆரம்பத்துல கையில வாளே குடுக்க மாட்டாரு. முன் பாதம் எதிராளிய பாத்து நேரா, பின் பாதம் குறுக்க, முட்டி ரெண்டும் மடிஞ்சு, அப்படியே முன்ன ரெண்டு எட்டு பின்ன ரெண்டு எட்டு, தலை மேலயும் கீழயும் ஆடக்கூடாது. பக்கத்துல உக்காந்திருந்த ஒரு அம்மா "நடக்க வெக்கறதுக்கா காசு கட்டினோம்"னு சத்தமாவே கேட்டாங்க. கேட்டுட்டு அடுத்த மாசமும் கட்டினாங்க. அப்புறம் ஒரு டிரில் இருக்கு, மாஸ்டர் கிளவ்ஸ நெஞ்சு உயரத்துல புடிச்சிட்டு நிப்பாரு, சொல்லாம விட்டுடுவாரு, புள்ள லஞ்ச் போட்டு அது தரைய தொடறதுக்குள்ள புடிக்கணும். லஞ்ச்னா பின் கால ஒதச்சு முன் கால நீட்டி பாயறது. கை முதல்ல நீளணும், கால் அப்புறம்தான். கால முதல்ல போட்ட புள்ளைங்க எல்லாம் கிளவ்ஸ விட்டுட்டு தரைய பாத்துட்டு நிக்கும், அத வெச்சே யாரு தப்பா பாயறாங்கன்னு வாய தொறக்காம காட்டிடுவாரு. நீங்க எந்த கிளாஸ் பாக்கப் போனாலும் புதுசா சேந்த புள்ளைங்க என்ன பண்ணுதுங்கன்னு பாருங்க, முதல் நாளே வாள குடுத்து டிங் டிங்னு அடிக்க விட்டாங்கன்னா அப்படியே வந்துடுங்க.

லேட்டா வர்ற புள்ளைங்களுக்கு ஒரே கதைதான் சொல்லுவாரு. பவானி தேவி பதினாலு வயசுல முதல் இன்டர்நேஷனல் போட்டிக்கு துருக்கி போய், மூணு நிமிஷம் லேட்டா வந்ததுக்கு பிளாக் கார்டு, அதாவது போட்டிய விட்டே நீக்கற கார்டு, வாங்கி வெளிய வந்தாங்களே, அந்தக் கதை. என் பொண்ணுக்கு மனப்பாடம். இப்ப ஸ்கூல் வேனுக்கு நான் லேட் பண்ணா என்கிட்டயே சொல்றா.

சேஃப்டி பத்தி எல்லாரும் கேக்கறாங்க. எங்கம்மா கேட்டது, "இன்னாடா இது, பொட்ட புள்ள கைல கத்திய குடுத்துக்கீற, கண்ணு போச்சுன்னா?" நியாயமான கேள்விதான். 1982ல ரோம்ல உலக சாம்பியன்ஷிப்ல ஸ்மிர்னோவ்னு ஒரு சோவியத் வீரர், ஒலிம்பிக் சாம்பியன், எதிராளி வாள் ஒடஞ்சு மாஸ்க்குக்குள்ள பூந்து செத்தே போயிட்டாரு. அதுக்கப்புறம்தான் மாஸ்க், ஜாக்கெட், பிளேடு ஸ்டீல் எல்லாத்துக்கும் ரூல்ஸ இறுக்கினாங்க. இப்ப மாஸ்க் வலைய பஞ்ச்ங்கற கூர் கருவிய வெச்சு பன்னண்டு கிலோ பலத்துல அழுத்தி டெஸ்ட் பண்ணுவாங்க, ஜாக்கெட்ல கிழியாம எவ்ளோ பலம் தாங்கும்னு 350 நியூட்டன், 800 நியூட்டன்னு போட்டிருக்கும், பெரிய போட்டிக்கு 800தான். ஜாக்கெட்டுக்கு உள்ள வாள் புடிக்கற கை பக்கம் பிளாஸ்ட்ரான்னு இன்னொரு அடுக்கு, பொண்ணுங்களுக்கு செஸ்ட் கார்டு கட்டாயம். வாள் நுனியும் கூரா இருக்காது. இதெல்லாம் ஒழுங்கா போட்டா வர்றது சிராய்ப்பும் கன்னிப்போன எடமும்தான்.

இங்க முதல் குறை. கிளாஸ்ல பொதுவா வெச்சிருக்கற மாஸ்க்ல சின்ன சைஸ் கம்மி, ஒன்னு ரெண்டுல பின்னாடி பட்டை லூசா இருந்துச்சு, குனிஞ்சா மாஸ்க் நகருது. நான் காட்டினதும் மாஸ்டர் அத அன்னிக்கே ஓரங்கட்டிட்டாரு, ஆனா நான் காட்டற வரைக்கும் அது ஓடிட்டுதானே இருந்துச்சு? அப்புறம் அந்த வாடை. நம்ம ஊரு வேர்வைல பத்து புள்ளைங்க மாத்தி மாத்தி போட்ட மாஸ்க் எப்படி இருக்கும்னு நானே சொல்ல வேணாம். அதனால காசு இருந்தா முதல்ல வாங்க வேண்டியது மாஸ்க்கும் கிளவ்ஸும்தான், வாள் அப்புறம் பாத்துக்கலாம், அதுவும் சின்ன புள்ளைங்களுக்கு 0, 2ன்னு குட்டை பிளேடு, வளந்தா 5ம் நம்பர், அதனால அவசரப்பட்டு பெருசு வாங்காதீங்க.

ரெண்டாவது குறை, கொஞ்சம் பெருசு. இங்க எல்லாருக்கும் சேபர்தான். வாள்ல மூணு வகை இருக்கு. ஃபாயில்னா உடம்பு நடுப்பகுதில மட்டும் குத்தணும். எப்பேன்னா தலைலருந்து கால் கட்டைவெரல் வரைக்கும் எங்க குத்தினாலும் பாயிண்ட், ரெண்டு பேரும் ஒரே நேரம் குத்தினா ரெண்டு பேருக்கும் பாயிண்ட், வாளும் கொஞ்சம் கனம், 770 கிராம் வரைக்கும் போகும். சேபர்னா இடுப்புக்கு மேல, வெட்டலாம் குத்தலாம், கண்ண சிமிட்டறதுக்குள்ள பாயிண்ட் முடிஞ்சிடும். பவானி தேவி ஆடறது சேபர், அதனால இங்க வர்ற புள்ளைங்களும் அதையே கேக்கறாங்க, மாஸ்டருக்கும் அதான் கைவந்தது. என் பொண்ணு துறுதுறு, அவளுக்கு சரி. ஆனா ஒரு பையன் இருக்கான், அமைதியா, எதிராளி தப்பு பண்ற வரைக்கும் அசையாம நிப்பான், அவன் எப்பேக்குன்னே பொறந்தவன்னு எனக்கே தெரியுது. அவனையும் சேபர்ல ஓட விட்டா பாவமா இருக்கு. அவங்கப்பாகிட்ட நேரு ஸ்டேடியம் பக்கம் விசாரிக்க சொன்னேன்.

பேரன்ட்ஸ் சமாச்சாரம் தனியா சொல்லணும். அடி பட்டா மெஷின்ல அடிச்சவங்க பக்கம் லைட் எரியும். சேபர்லயும் ஃபாயில்லயும் ரெண்டு லைட்டும் எரிஞ்சா முதல்ல தொட்டவனுக்கு பாயிண்ட் இல்ல, யாரு அட்டாக் ஆரம்பிச்சாங்களோ அவங்களுக்கு. எதிராளி அத வாளால தடுத்துட்டு, அதாவது பேரி போட்டு, திருப்பி அடிச்சா, அதான் ரிப்போஸ்ட், உரிமை அவனுக்கு போயிடும். சேபர் மெஷின் ஒரு அடி விழுந்தப்புறம் 170 மில்லி செகண்ட் வரைக்கும்தான் அடுத்த லைட்ட எரிய விடும், அந்த இடைவெளில ரெண்டு பேரும் அடிச்சா ரெஃபரி கைய ஆட்டி கதை சொல்லுவாரு, அட்டாக் இவன், பேரி அவன், ரிப்போஸ்ட் அவன், பாயிண்ட் அவனுக்குன்னு. இது தெரியாம கேலரில இருந்து "எங்க புள்ளதான்யா முதல்ல அடிச்சான், கண்ணு தெரியலையா"ன்னு கத்தறவங்கள எல்லா போட்டிலயும் பாக்கலாம். நம்ம மாஸ்டர் இதுக்கு ஒரு வழி வெச்சிருக்காரு. சனிக்கிழமை சாயங்காலம் பேரன்ட்ஸ பிஸ்ட், அதாவது ஆடற நீள தளம், அதோட ஓரமா நிக்க வெச்சு, "சொல்லுங்க சார், பாயிண்ட் யாருக்கு?"ன்னு கேப்பாரு. ஒருத்தரும் சரியா சொல்ல மாட்டோம், எட்டு வயசு பொடிசு சொல்லும். அதுலருந்து எங்க பேட்ச்ல ஒருத்தரும் கத்தறதில்ல. ஃபீஸ்ல பாதி இதுக்கே குடுக்கலாம்.

இப்ப செலவு. மாச ஃபீஸ் நம்ம ஏரியாக்கு கட்டுப்படியாகற மாதிரிதான், வெயிட்டான விஷயம் எலக்ட்ரிக் கிட். சேபர்ல உடம்புல லாமேன்னு மெட்டல் இழை போட்ட மேல் ஜாக்கெட், கரண்ட் போற மாஸ்க், கைக்கு மேல கஃப், பாடி வயர், மாஸ்க் வயர், இதெல்லாம் ரீல்ல மாட்டி மெஷினுக்கு போகும். இந்தியாவுல செய்யறது வாங்கினா ஓரளவுக்கு முடிச்சிடலாம், எஃப்.ஐ.இ.ன்னு சர்வதேச ஃபென்சிங் சங்கத்தோட முத்திரை போட்ட வெளிநாட்டு சரக்குன்னா பல மடங்கு. ஆன்லைன்ல ஒரு கடைல, பேரு வேணாம், லெஃப்ட் ஹேண்ட்னு எழுதி ஆர்டர் போட்டும் சோத்தாங்கை கிளவ்ஸ்தான் வந்துச்சு, மாத்தி வாங்கறதுக்குள்ள ஒரு டிஸ்ட்ரிக்ட் மேட்ச்சே முடிஞ்சிடுச்சு.

அந்த லாமே இருக்கே, நம்ம கடலோர ஊருக்கும் அதுக்கும் ஆகவே ஆகாது. வேர்வை பட்ட எடத்துல மெட்டல் இழை கறுத்துப்போகும், அக்குள்கிட்டயும் காலர்கிட்டயும்தான் முதல்ல. கறுத்த எடத்துல கரண்ட் போகாது, அடி விழுந்தும் லைட் எரியாது. நான் மணலி பக்கம் எலக்ட்ரிக்கல் மெயின்டெனன்ஸ்ல இருக்கறதால மல்டிமீட்டர் வீட்லயே இருக்கு, ஓம்ஸ்ல வெச்சு ஒரு முனைய காலர் பின்னாடி கிளிப் மாட்டற எடத்துல புடிச்சு இன்னொரு முனைய துணி மேல மெதுவா இழுத்துட்டே வருவேன். அஞ்சு ஓம்ஸ தாண்டக்கூடாதுங்கறது ரூல். தாண்டற எடத்த பேனால புள்ளி வெச்சிடுவேன். பாடி வயர்ல ஒரு ஒயருக்கு ஒரு ஓமுக்குள்ள இருக்கணும், பெரும்பாலும் ப்ளக் கிட்டதான் உள்ளுக்குள்ள அறுந்திருக்கும், சால்டரிங் அயர்ன் இருந்தா சரி பண்ணிடலாம். இப்ப பாதி புள்ளைங்க வயர் என் வீட்டுக்குதான் வருது. தொவைக்கறது கையில, பச்சத் தண்ணில, கொஞ்சமா சோப்பு, முறுக்கிப் பிழியாம நிழல்ல ஹேங்கர்ல. பையில ஈரத்தோட மடிச்சு வெச்சீங்கன்னா காசு போச்சு.

இதுக்கெல்லாம் ஏன் மெனக்கெடணும்னா, போட்டில வேலை செய்யாத கிட்டோட பிஸ்ட்ல போய் நின்னா மஞ்சள் கார்டு, திரும்ப அதே தப்புன்னா சிவப்பு, எதிராளிக்கு சும்மா ஒரு பாயிண்ட். முதல்ல பூல்ல, அதாவது குரூப் ரவுண்ட்ல, அஞ்சு பாயிண்ட்டுக்கு, மூணு நிமிஷம், அதுல ஒரு பாயிண்ட்ட சும்மா குடுத்தா புள்ள எப்படி ஜெயிக்கும்? அப்புறம் பதினஞ்சு பாயிண்ட் நாக்அவுட், சேபர்ல யாராச்சும் எட்டு தொட்டதும் ஒரு நிமிஷம் பிரேக்.

மூணாவது குறையும் இதுலதான். கிளாஸ்ல லைட் எரியற மெஷின், அதாவது பாக்ஸ் செட்டு, ஒரே ஒன்னுதான். வயர் மாட்டி ஆட வரிசைல நின்னு நின்னு, ஒரு புள்ளைக்கு ஒரு சாயங்காலத்துல ரெண்டு பவுட் (ஆட்டம்) கிடைச்சாலே பெருசு. போட்டி நெருங்கற மாசத்துல இது ரொம்ப உறுத்துது, ஏன்னா வெறும் வாள்ல ஆடறப்ப வர்ற தைரியம் வயர் மாட்டினா வராது. நாலு பேரன்ட்ஸ் சேந்து இன்னொரு செட் வாங்கித் தர்றோம்னு சொன்னோம், மாஸ்டர் "பாக்கலாம் சார்"னாரு, இன்னும் பாத்துட்டுதான் இருக்காரு. அந்த ஒரு ஸ்டார் அதுக்குதான் புடிச்சு வெச்சிருக்கேன்.

சேக்கறதா இருந்தா ஏழு வயசுக்கு மேல கூட்டிட்டுப் போங்க, முதல் நாள் ட்ராக் பேன்ட்டும் வழுக்காத ஷூவும் போதும், தண்ணி பாட்டில் பெருசா குடுத்துவிடுங்க, ஹால்ல ஃபேன் ரெண்டுதான். பீச்சாங்கை புள்ளையா இருந்தா ஜாக்கெட் இருக்கான்னு போன்ல கேட்டுட்டு போங்க, ஜிப் வாள் புடிக்காத கை பக்கம் வரணும், சோத்தாங்கை ஜாக்கெட் சரிப்படாது. இப்போதைக்கு இடது கை ஜாக்கெட் அங்க ஒன்னுதான் இருக்கு, அத என் பொண்ணு போட்டுட்டிருக்கா.