தேரி மணலா, தார் ரோடா?

திசையன்விளைப் பக்கம் காலையில் ஓடக் கிளம்புபவருக்கு இரண்டு இடம் உண்டு. ஒன்று செம்மணல் மேடுகளான தேரிக்காடு, இன்னொன்று தார் ரோடு. போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் பையன்களுக்குத் தேரிதான் பிடிக்கிறது. "மணல்ல ஓடிப் பழகினா கிரவுண்டுல பறக்கலாம்ணே" என்பது அவர்கள் கணக்கு. நான் ரோட்டுக்காரன்.

மூச்சுக்கும் தொடைக்கும் தேரி நல்ல பயிற்சிதான், விழுந்தாலும் அடி படாது. ரோட்டில் லாரியும் நாயும் தொல்லை. அதெல்லாம் சரி. நான் பார்ப்பது கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் அக்கிலிஸ் தசைநாணை. ஓடும்போது ஒவ்வொரு எட்டுக்கும் உடல் எடையைப் போலப் பல மடங்கு இழுப்பு அதன்மேல் விழுகிறது. ரோட்டில் குதிகால் ஊன்றிய இடத்தில் நிற்கும். மணலில் அது புதையும். பாதத்தின் முன்பக்கம் மேலே நிற்க, நாண் கூடுதலாக நீளும். உந்தும்போது மணல் பின்னால் சரிவதால் சதை இன்னும் வலிந்து இழுக்க வேண்டும். மூத்த ஓட்டக்காரர்களிடம் நடந்து 2008-இல் வெளியான ஓர் ஆய்விலும் மணலில் ஓடியவர்களுக்கே நாணின் நடுப்பகுதி நோவு அதிகம். தார்ச் சாலையில் ஓடியவர்களுக்குக் குறைவு.

இதைவிடப் பெரிய விஷயம் அளவு. சதையும் மூச்சும் சில வாரத்தில் பழகிவிடும். நாணுக்கு மாதக்கணக்கில் ஆகும். அதனால் சுமையைத் திடீரென்று கூட்டுவதுதான் அதற்கு ஆகாது. ரோட்டில் கிலோமீட்டர் கல்லைப் பார்த்து, இந்த வாரம் கொஞ்சம், அடுத்த வாரம் கொஞ்சம் என்று ஏற்றலாம். தேரியில் முடியாது. ஆனி, ஆடிக் காற்று நேற்று இறுகியிருந்த தடத்தை இன்று பொதுபொதுவென்று ஆக்கிவிடும். தூரம் அதேதான், இழுப்பு வேறு. வருஷம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு, தேர்வு அறிவிப்பு வந்ததும் 1500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓட வேண்டுமே என்று நேராகத் தேரியில் இறங்குகிற பையனைப் பார்த்தால் எனக்குப் பகீர் என்கிறது.

ரோட்டுக்காரர்களும் ஷூவில் கோட்டை விடுவதுண்டு. குதிகால் பக்கம் 10 மில்லிமீட்டர் உயர்ந்த ஷூவிலிருந்து ஒரேயடியாகத் தட்டை ஷூவுக்கு மாறினால், மணலில் வரும் அதே கூடுதல் இழுப்பு ரோட்டிலும் வரும்.

உவரிக் கடற்கரையின் ஈர மணலைப் பற்றிக் கேட்கிறார்கள். இறுக்கமாக இருக்கிறது, ஆனால் கடல் பக்கம் சரிவு. அங்கே நான் அதிகம் ஓடியதில்லை, அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ஏற்கெனவே அக்கிலிஸ் நாணில் வலி வந்தவர்கள், நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் தேரியை விட்டுவிடலாம். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிடுபவர்கள் ரோட்டிலும் ஓடாமல் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். அந்த வகை மருந்தால் நாண் அறுந்துபோவதும் உண்டு, கூடவே ஸ்டீராய்டு எடுத்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

இல்லை, தேரிதான் வேண்டும் என்பவர்கள் வாரம் ஒருநாள், கொஞ்ச நேரம், முதலில் நடையாகத் தொடங்கலாம். காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கிற முதல் எட்டில் குதிகாலுக்கு மேலே விறைத்தால், அன்றைக்குத் தேரி வேண்டாம்.